கடைமடைக்கு முதல் தண்ணீர்

எருக்கம்பாக்கம், திருநின்றவூர் வழி
8 டிசம்பர் 2024

தம்பி கன்னியப்பனுக்கு,

நான் நலம். நீயும் யுவராணியும் மாங்காட்டில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா என்று கேட்பது அக்காவின் கடமை. நீ உண்மை சொல்லமாட்டாய் என்று தெரிந்தே கேட்கிறேன். எனக்கு முழங்கால் ஒத்துழைக்கிறது, காது ஒத்துழைப்பதில்லை. போன வாரம் நீ தொலைபேசியில் அவ்வளவு நேரம் பேசியதில் எனக்குக் கேட்டது உன் இருமல் மட்டும். ஆகையால் இனிமேல் எழுது. தபால்காரர் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்.

ஏரி நிறைந்துவிட்டது. கலங்கலில் தண்ணீர் வழிந்து வீணாக ஓடுகிறது. திருச்சிக் கல்லூரியில் அரசறிவியல் நடத்தி முடித்து ஓய்வுக்கு இங்கே வந்தபிறகு இப்படியொரு தண்ணீரை நான் கண்டதில்லை. வாய்க்காலின் கடைசி முனையில் அரை ஏக்கரும் முக்கால் ஏக்கருமாக வைத்திருக்கும் கடைமடைக்காரர்கள் நவரைப் பட்டத்துக்கு நாற்று விட்டிருக்கிறார்கள். பாஸ்கலின் மனைவி ரோஸி, அடிபம்பில் அடித்த தண்ணீரைக் குடத்தில் சுமந்துவந்து நாற்றங்காலை நனைக்கிறாள். அவள் குடத்தோடு நடக்கிற கரைக்கு அந்தப் பக்கம் ஏரி தளும்புகிறது.

காரணம், மதகு பூட்டியிருக்கிறது. ஷட்டரின் சாவி ஏரிப் பாசனச் சங்கத் தலைவரான உன்னிடம் இருக்கிறது. பட்டத்தின் முதல் தண்ணீர் கடைமடைக்கு, கடைசித் தண்ணீர் தலைவருக்கு என்பது இந்த ஊரின் வழக்கம். இரண்டு ஆண்டுகளாக மழை போதவில்லை என்று சொல்லி நீ கடைமடையைக் காயப்போட்டாய். அவர்களும் பொறுத்துக்கொண்டார்கள். இந்த ஆண்டு என்ன சொல்லப்போகிறாய்? தை பிறந்ததும் நாற்றைப் பிடுங்கி நட வேண்டும். தாமதித்தால் முற்றிவிடும். சாவியை எப்போது அனுப்புகிறாய் என்று ஒரு வரி எழுது.

யுவராணிக்கு என் அன்பு.

வேம்புலியம்மாள்

*

மாங்காடு
21.12.2024

பேரன்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் தம்பி கன்னியப்பன் தாள் வணங்கி எழுதும் மடல். இங்கு அனைவரும் காமாட்சி அம்மன் அருளால் நலம். தங்கள் முழங்கால் நலமறிந்து மகிழ்ச்சி.

ஏரி நிறைந்த சேதி படித்ததும் என் நெஞ்சும் நிறைந்தது. ஏர் பிடித்த கை அக்கா இது. அடுக்குமாடியில் படுத்தாலும் கனவில் வருவது களத்துமேடுதான். பூந்தமல்லியில் விவசாய அணிக் கூட்டம் சிறப்பாக நடந்தது. சென்னீர்குப்பத்திலிருந்தே வரவேற்பு வளைவுகள். இரண்டு முறை ஊராட்சித் தலைவராக இருந்தவனுக்கு இந்த முறை மாவட்டக் கவுன்சிலர் சீட்டு என்று மேலிடத்தில் பேச்சு அடிபடுகிறது. பொங்கலன்று நம் நாலு ஏக்கரில் அறுவடை வைத்திருக்கிறேன். டி.வி.க்காரர்களும் வருகிறார்கள்.

ஒரு சின்ன வேலை. அந்த நாலு ஏக்கரின் மேற்கு ஓரமாகப் பொதுமக்களுக்கு ஒரு பாதை விட வேண்டியிருக்கிறது. நிலத்தைத் தங்கள் பேருக்கு எழுதிவைத்துவிட்டு, "எனக்கென்று ஒரு குழி நிலமில்லை, இந்த ஊரே என் நிலம்" என்று நான் மேடையில் சொன்னபோது எழுந்த கைதட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆகவே கையெழுத்து தங்களுடையதாக இருக்க வேண்டும். பத்திரத்தைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பக்கம் பக்கமாகப் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

என்றும் தங்கள் ஆசி நாடும்,
'ஏரிக்காவலர்' இரா. கன்னியப்பன்

*

எருக்கம்பாக்கம்
28 டிசம்பர் 2024

தம்பி,

நலம். கண்ணும் நலம்.

உன் கடிதத்தில் காமாட்சி அம்மன் வருகிறாள், வரவேற்பு வளைவு வருகிறது, கைதட்டல் வருகிறது. மதகு வரவில்லை. நான் கேட்டது அதை மட்டும்தான். பரீட்சையில் இப்படி எழுதும் மாணவிகளுக்கு நான் பூஜ்யம் போடுவேன். சுற்றிலும் எழுதியிருப்பதைப் பார்த்தாலே கேள்வி எவ்வளவு நன்றாகப் புரிந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

நேற்று ரோஸி வந்தாள். உடன் ஜீவா, இரவில் அம்பத்தூர் கம்பெனியில் காவல் இருந்துவிட்டுப் பகலில் மதகையும் வாய்க்காலையும் பார்த்துக்கொள்கிறவன். ரோஸி என் காதருகே வந்து பேசுவது இரண்டு தெருவுக்குக் கேட்கும். ஆகவே அவள் சொன்னதில் இரகசியம் ஏதுமில்லை. அப்படியே எழுதுகிறேன்.

"இன்னா டீச்சரம்மா, உன் தம்பி சாவிய முழுங்கிட்டாரா? ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போய் எடுக்கச் சொல்லு."

"சும்மா இரு அக்கா," என்றான் ஜீவா. "தலைவரு காதுல வுயுந்துடப் போவுது."

"வுயட்டுமே. இந்தம்மாவுக்குக் காதுல கோளாறு. அவருக்கு இன்னா கோளாறு?"

எனக்கும் அதுதான் தெரிய வேண்டும். சாவி எங்கே?

யுவராணியின் நலம் பற்றி எழுது.

வேம்புலியம்மாள்

*

மாங்காடு
6.1.2025

பேரன்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

வணக்கம். நலம், நாடுவதும் அதுவே. பொங்கல் நல்வாழ்த்துகள். என் படம் போட்ட காலண்டர் இத்துடன் வருகிறது. நடுக்கூடத்தில் மாட்டவும்.

மதகைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஷட்டரில் பழுது. இப்போது திருகினால் மரை அறுந்துவிடும், பிறகு மூட முடியாது, ஏரியே வடிந்துபோகும். ஊர் நன்மைக்காகத்தான் பூட்டி வைத்திருக்கிறேன். பழுது பார்க்க ஆளுக்குச் சொல்லியிருக்கிறேன். ரோஸி போன்றோர் படிப்பறிவில்லாமல் பேசுவதைத் தாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பத்திரம் கிடைத்ததா? அதைப் பற்றித் தாங்கள் ஒரு வரியும் எழுதவில்லையே. பாதை வந்தால் நாளை ஒரு அவசரம் என்றால் ஆம்புலன்ஸ் தங்கள் வாசலுக்கே வரும். இந்த வயதில் அது முக்கியம்.

என்றும் தங்கள் ஆசி நாடும்,
இரா. கன்னியப்பன்

*

எருக்கம்பாக்கம்
17 ஜனவரி 2025

தம்பி,

இங்கே எல்லோரும் நலம், நாற்றைத் தவிர.

பொங்கலன்று நீ கதிரறுத்த காட்சியைக் கண்டேன். போர் மோட்டார் தண்ணீரில் விளைந்த நெல்லை, இஸ்திரி கலையாத வேட்டியில், பச்சைத் துண்டோடு அறுத்தாய். படம் பிடிப்பவருக்கு முகம் சரியாக விழவில்லை போலும். அறுத்த பிடியையே மறுபடி உன் கையில் கொடுத்து, இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அறுக்கச் சொன்னார். நீயும் சலிக்காமல் அறுத்தாய். பிறகு என் வாசலைக் கடந்து காரில் போனாய். இறங்கவில்லை. பொங்கலன்று அக்காள் வீட்டு வாசலில் இறங்காமல் போகிறவன் எதையோ கேட்டுவிடுவாளே என்று பயப்படுகிறவன்.

உன்னோடு வந்தவர் ரவிச்சந்திரன் என்றும், திருநின்றவூர்ப் பக்கம் மனை போட்டு விற்கிறவர் என்றும் ஜீவா சொன்னான். எல்லோரும் உன் அரிவாளைப் பார்த்தபோது அவர் மட்டும் கடைமடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாங்கப்போகும் மாட்டைப் பார்க்கிற பார்வை.

மறுநாள் ஜீவாவை அழைத்துக்கொண்டு மதகுக்குப் போனேன். மரையில் புதிதாக கிரீஸ் தடவியிருக்கிறது. பூட்டு அனுமதிக்கிற அளவுக்குத் திருகு வெண்ணெய்போலச் சுழல்கிறது. ஷட்டரில் பழுது இல்லை, கன்னியப்பா.

நாற்று நடவுக்கு வந்துவிட்டது. உனக்கு இது தெரியாது என்று நான் நினைக்கவில்லை. தெரிந்துதான் காத்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். நான் நினைப்பது தவறென்றால் எழுது.

காலண்டர் வந்தது. ஆணி இல்லை.

வேம்புலியம்மாள்

*

எருக்கம்பாக்கம்
27 ஜனவரி 2025

தம்பி,

பதில் இல்லை. நாற்றின் நுனி பழுக்கத் தொடங்கிவிட்டது. உனக்கு உடல் நலமில்லையா, வேறு எது நலமில்லை என்று தெரிவி.

வருகிற ஞாயிறு காலை களத்துமேட்டில் சங்கப் பொதுக்கூட்டம் நடத்தக் கோரி உறுப்பினர்கள் கையெழுத்திட்ட கோரிக்கை உனக்குத் தனியே வரும். என் கையெழுத்து முதலாவதாக இருக்கும். வா.

வேம்புலியம்மாள்

*

மாங்காடு
29.1.2025

அன்புள்ள அண்ணிக்கு யுவராணி எழுதிக்கொள்வது.

இங்கே நான் நலம், அவரும் நலம். அவர் காய்ச்சலில் படுத்திருப்பதாக உங்களுக்கு எழுதச் சொன்னார். காய்ச்சல் எதுவும் இல்லை. அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன்.

நேற்று ஹாலில் உட்கார்ந்துகொண்டு அந்த ரவிச்சந்திரனிடம் போனில் பேசினார். நான் சமையலறையில் இருந்தேன். "மூணாவது வருசமும் காயட்டும் சார். அப்பால அவங்களே வந்து கால்ல வுயுந்து வித்துட்டுப் போவாங்க. ரோட்டுக்கு எங்க அக்கா கையெழுத்தா? அது ஒரு மேட்டரே இல்ல. அது நெறைய படிச்சது, ஆனா என் பேச்சத் தட்டாது." இப்படிச் சொன்னார். மனைக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். படம் போட்ட விளம்பரத்தில் உங்கள் நிலத்தின் நடுவே ரோடு போகிறது.

என் அம்மா கடைசிவரைக்கும் கடைமடையில் கூலிக்கு நாற்று நட்டவள். பழுத்த நாற்றைப் பார்த்து அவள் அழுததை நான் பார்த்திருக்கிறேன். நான்தான் சொன்னேன் என்று அவரிடம் சொன்னாலும் சொல்லிக்கொள்ளுங்கள். நான் பயந்து வாழ்ந்த வயது முடிந்துவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

யுவராணி

*

எருக்கம்பாக்கம்
4 பிப்ரவரி 2025

அன்புள்ள யுவராணிக்கு,

நலம். உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. அதை யாரிடமும் காட்டவில்லை. தேவைப்படவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அவன் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான். சொல்லியிருந்தால் வேறொன்றைச் சொல்லியிருப்பான். ஆகவே எழுதுகிறேன்.

காய்ச்சல்காரன் சரியான நேரத்துக்கு வந்தான். எல்லோரும் தரையில் உட்கார, அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். மைக் வைத்திருந்தான், முப்பது பேருக்கு. "எனக்கென்று ஒரு குழி நிலமில்லை" என்று தொடங்கினான். அவன் உதடு அந்த வாக்கியத்தை உச்சரிப்பது எனக்கு மனப்பாடம். முடிக்கட்டும் என்று காத்திருந்து எழுந்தேன்.

"தலைவரே, இந்தச் சங்கத்தில் உறுப்பினராக என்ன தகுதி வேண்டும்?"

"ஏரித் தண்ணி பாயற நெலம் சொந்தமா இருக்கணும். இது இன்னாக்கா கேள்வி?"

"உன் நிலம் எது?"

அவன் ஏதோ சொன்னான். எனக்குக் கேட்கவில்லை. ரோஸி என் காதில் குனிந்தாள். "அக்கா நெலம் என் நெலம் மாதிரிங்கறாரு."

"மாதிரிக்குப் பட்டா தருவதில்லை" என்றேன்.

ஜீவா தலையைச் சொறிந்தான். "தலைவரே, கோச்சிக்காத. இப்பதானே நீயே சொன்ன, ஒரு குழிகூட இல்லன்னு. மைக்குல சொன்ன. அத்தினி பேரும் கேட்டுகினு இருந்தோம்."

அப்போதுதான் சிரிப்புக் கிளம்பியது. முதலில் பின்வரிசையில், பிறகு எல்லோரிடமும். அவன் கைகாட்டி அடக்கிப் பார்த்தான். ரோஸி அவன் முன்னே போய்க் கையை நீட்டினாள். "மைக்க நீயே வச்சிக்க நைனா. சாவியக் குடு."

யுவராணி, அந்தச் சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது. மாங்காட்டில் பீரோவில் இல்லை, பழுது பார்க்கிற ஆளிடம் இல்லை. சட்டைப் பையில், இதயத்தின் பக்கத்தில். மார்கழி முழுக்க அந்தப் பெண்கள் குடம் சுமந்தபோது இவன் அதைச் சட்டைக்குச் சட்டை மாற்றி வைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

என்னைத் தலைவராக இருக்கச் சொன்னார்கள். காது கேட்காத தலைவர் ஒருவரை இத்தனை நாள் வைத்திருந்தது போதும் என்று சொல்லி ரோஸியின் பெயரை முன்மொழிந்தேன். அன்று மாலையே ஜீவா ஷட்டரைத் திருகினான். மறுநாள் விடியும்போது கடைமடை வயலில் தண்ணீர் நின்றது.

எல்லாம் பிழைத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. பல நாற்றங்கால் நடவுக்கு உதவாது, வைக்கோலுக்கும் உதவாது. ரோஸியுடையது குடத்துத் தண்ணீரில் தப்பியது.

உன் தைரியத்தைப் பாராட்டி எழுதமாட்டேன். அது உனக்கு எப்போதும் இருந்தது, அவனுக்குத்தான் தெரியாது. மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடு.

வேம்புலியம்மாள்

*

மாங்காடு
19.2.2025

அக்கா,

நீ நல்லா இரு. தம்பி மானத்தைக் களத்துமேட்டில் காயப்போட்டுவிட்டு நீ நல்லா இரு.

ஊரே சிரித்தது. நான் ரோடு போட்ட ஊர். நான் தண்ணித் தொட்டி கட்டிக் கொடுத்த ஊர். உனக்கு என்ன தெரியும்? நீ திருச்சியில் புத்தகம் படித்துக்கொண்டிருந்தபோது இங்கே ஒவ்வொரு சாவுக்கும் நான்தான் முன்னால் நின்றேன். நெல்லு போட்டு இந்த ஊரில் எவன் பிழைத்தான்? எல்லார் பிள்ளையும் அம்பத்தூரிலும் ஆவடியிலும் கம்பெனிக்குப் போகிறான். அந்த அரை ஏக்கரை விற்றால் மாடி வீடு கட்டுவான், பெண்ணைப் படிக்கவைப்பான். நான் செய்தது அவர்கள் நல்லதுக்குத்தான். தானாக விற்கத் தெரியாதவனுக்கு வேறு எப்படிப் புரியவைப்பது?

ரவிச்சந்திரன் போனை எடுப்பதில்லை. சீட்டும் ஆட்டம் காண்கிறது. அந்த நாலு ஏக்கர் நான் உனக்குக் கொடுத்தது. திருப்பி என் பேருக்கு எழுதிக் கொடு.

கன்னியப்பன்

*

எருக்கம்பாக்கம்
3 மார்ச் 2025

தம்பி கன்னியப்பனுக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. பட்டமும் வணக்கமும் இல்லாமல் நீ எழுதிய முதல் கடிதம். 'தாங்கள்' போய் 'நீ' வந்திருக்கிறது. இதை எழுதியவனோடுதான் எனக்குப் பேசத் தெரியும். ஆகவே பதில் சொல்கிறேன்.

ரோடு போட்டாய், தொட்டி கட்டினாய், சாவுக்கு நின்றாய். எல்லாம் மெய். நான் அவற்றைச் செய்யவில்லை என்பதும் மெய். அவற்றையெல்லாம் முதலாகப் போட்டு இந்தத் துரோகத்துக்கு நீ வட்டி வாங்கப் பார்த்தாய் என்பதுதான் என் கோபம். உன்னை நம்பியதால்தான் அவர்கள் இரண்டு ஆண்டுகள் வாய் திறக்கவில்லை. வேறொருவன் மதகைப் பூட்டியிருந்தால் முதல் ஆண்டே பூட்டை உடைத்திருப்பார்கள்.

விற்பவன் விற்கட்டும். நான் தடுக்கவில்லை. ரோஸியின் மகன் ரூபஸ்கூட விற்கச் சொல்லித்தான் அவளை நச்சரிக்கிறான். அது அவர்கள் வீட்டுச் சண்டை. ஆனால் காலடியில் தண்ணீர் ஓடும்போது விலை பேசட்டும். ஏரி நிறைந்திருக்கும்போது ஒருவனைத் தாகத்தில் நிறுத்தி வைத்துக் கையெழுத்து வாங்குவதற்கு நீ வைத்த பெயர் 'நல்லது'. நான் அரசறிவியல் நடத்தியபோது அதற்கு வேறு பெயர்கள் இருந்தன.

பாதைப் பத்திரத்தில் கையெழுத்திட மாட்டேன். நிலத்தைத் திருப்பிக் கேட்கிறாய். தருகிறேன். பூந்தமல்லியில் அதே மேடையில் ஏறி, "எனக்கு நாலு ஏக்கர் நிலமிருக்கிறது" என்று அதே மைக்கில் சொல்லிவிட்டு வா. மறுநாளே பதிவு அலுவலகத்துக்கு வருகிறேன்.

கடைமடையில் நாற்று வீணான வயல்களில் உளுந்து தெளித்திருக்கிறார்கள். நீ கேட்கவில்லை, நான் சொல்கிறேன்.

சர்க்கரையைச் சோதித்துக்கொள்.

வேம்புலியம்மாள்

*

மாங்காடு
14.4.2025

பேரன்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் தம்பி வணங்கி எழுதும் சித்திரைத் திருநாள் மடல். இங்கு அனைவரும் நலம். சர்க்கரை பார்த்தேன், சற்றே கூடுதல். யுவராணி சோற்றைக் குறைத்துவிட்டாள், பேச்சையும் குறைத்துவிட்டாள்.

கடைமடையில் கதிர் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு உள்ளம் பூரித்தேன். நடந்தவை நடந்தவையாக இருக்கட்டும். குடும்பத்துக்குள் வருவதும் போவதும் சகஜம். மேலிடத்தில் நம்மைப் பற்றி நல்ல பேச்சு. கடைமடை விவசாயிகளின் கண்ணீரைத் துடைத்தவன் என்று மாவட்டத்தில் இப்போது என் பெயர் அடிபடுகிறது. சீட்டு மீண்டும் உறுதியாகும் போலத் தெரிகிறது. எல்லாம் தங்கள் ஆசி.

என்றும் தங்கள்,
'ஏரிக்காவலர்' இரா. கன்னியப்பன்

*

எருக்கம்பாக்கம்
20 ஏப்ரல் 2025

தம்பி கன்னியப்பனுக்கு,

நலம். சோற்றைக் குறைத்தது நல்லது. பேச்சைக் குறைத்தது உனக்கு வலிக்கிறது என்று தெரிகிறது. அதுவும் நல்லது.

'மாவட்டத்தில் பெயர் அடிபடுகிறது' என்று நீ எழுதியதன் பொருள் நேற்று திருநின்றவூர் போய் இறங்கியபோது விளங்கியது. ரயில் நிலையத்தின் எதிரே, பிறகு நம் ஊர் எல்லையில், பிறகு மதகுக்கே மேலே, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு உயரத்தில் விளம்பரத் தட்டிகளில் நீ பச்சைத் துண்டோடு கைகூப்பி நிற்கிறாய். "கடைமடைக்கு முதல் தண்ணீர் தந்த காவலரே." உன் காலடியில் நெற்கதிர் அச்சடித்திருக்கிறார்கள். அது ரோஸியின் வயல். அவள் கை விரல்கூட ஓரத்தில் விழுந்திருக்கிறது. படத்திலிருந்து ஆளை வெட்டிவிட்டு விரலை மறந்துவிட்டார்கள்.

படித்த நிமிடத்தில் எனக்கு வந்த கோபத்தை இந்த வயதில் உடம்பு தாங்கியது வியப்பு. என்னைவிட ரூபஸுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் அதிகம். கத்தியும் கையுமாக மதகு மேல் ஏறிவிட்டார்கள். ரோஸி கீழே நின்று, "கிழிச்சிப் போடுங்கடா. அந்தாளு மூஞ்ச நடுவுல கிழி" என்று உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தாள்.

நான் தடுத்தேன். பையன்கள் என்னை முறைத்தார்கள். "தம்பி பாசம் டீச்சரம்மாவுக்கு" என்றான் ஒருவன். பாசம் இல்லை என்று ரோஸிக்கு விளக்கினேன். அவள் பையன்களைக் கீழே இறங்கச் சொல்லி, காற்றில் அவிழ்ந்திருந்த ஒரு மூலையைத் தானே இழுத்துக் கட்டினாள்.

அவளுக்குச் சொன்னதையே உனக்கும் எழுதுகிறேன். நீ இனி ஊரறியத் தண்ணீர் தந்தவன். மாவட்டம் அறிய, மேலிடம் அறிய. அடுத்த பட்டத்தில் கடைமடை காய்ந்தால் காய்வது ரோஸியின் நாற்று மட்டுமல்ல, ரயில் நிலையத்தின் எதிரே நிற்கிற உன் முகமும்தான். தண்ணீருக்காக நீ எதையும் செய்யமாட்டாய். உன் முகத்துக்காக எதையும் செய்வாய். சங்கத்தின் பதிவேட்டில் எழுதியிருக்கும் வழக்கத்தைவிட இந்தத் தட்டியை நான் அதிகம் நம்புகிறேன்.

வெயிலில் வெளுத்தால் சொல்லியனுப்பு, புதிது அடிக்கச் சொல்லலாம். உன் தயவில் இனி எந்த ரவிச்சந்திரனும் மதகுப் பக்கம் வரமாட்டார். மழை வரும்வரை அங்கேயே கைகூப்பி நில்.

வேம்புலியம்மாள்